வாடாமல்லி நிறத்தில் ஒரு சனிக்கிழமை

விடியற்காலையில் கோர்லிஸுக்கு அந்தக் கனவு மறுபடியும் வந்தது.

வெள்ளை உடுத்திய பெண்கள் வரிசையாக நடக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் வலது கையும் முன்னால் போகிறவளின் தோளில் இருக்கிறது. கோர்லிஸ் ஐந்தாவது. அவள் கைக்குக் கீழே நான்காமவளின் தோள் இளஞ்சூடாக இருக்கிறது. அவள் தோளில் மட்டும் யாருடைய கையும் இல்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் ஒருவரும் இல்லை, செர்ரிப் பூ இதழ்கள் மட்டும் விழுந்துகொண்டிருக்கின்றன.

இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கனவு இந்த இடத்தில்தான் நிற்கும். இன்றும் அப்படித்தான் நின்றது. ஆனால் வழக்கமாகத் தலையணை நனைந்திருக்கும். இன்று கண் விழித்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். இன்று சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வரிசையில் நிஜமாகவே நடக்கப் போகிறாள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்த வாசகிகளுக்காக ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிடுகிறேன். நம் கோர்லிஸ் விட்லோவுக்கு நாற்பத்தொன்பது வயது. மேக்கன் நகர நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். மற்றவர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்வதும், தான் வாய் திறக்காமல் இருப்பதும்தான் உத்தியோகம். கல்லூரியில் படித்தபோது, கறுப்பினப் பெண்களின் அந்தப் பழைய சகோதரிச் சங்கத்தில் சேர எட்டுப் பேர் வரிசையில் நின்றாள். சேரும் நாளுக்கு மூன்று நாள் முன்பு வீட்டிலே அம்மா பக்கவாதத்தில் விழுந்தாள். கோர்லிஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள்தான். அம்மாவையும் இரண்டு தம்பிகளையும் பார்த்துக்கொண்டு, மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்க நாலு வருஷம் ஆயிற்று.

படிப்பு முடிந்த பெண்களையும் சங்கம் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அதில் ஒரு முடிச்சு உண்டு. 'எனக்கு ஆசை' என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அவர்களாகப் பார்த்து, அவர்களாகக் கூப்பிட வேண்டும். அதுவரை சங்கத்தின் நிறத்தைக்கூட மேலே போடக் கூடாது. வாடாமல்லியும் வெள்ளியும் அவர்கள் நிறம். கோர்லிஸ் துணிக்கடையில் வாடாமல்லி நிறத்தைப் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஆறு வருஷம் அவர்கள் நடத்துகிற எல்லா நற்காரியத்துக்கும் போய்ப் பள்ளிப் பைகளில் நோட்டு நிரப்பினாள், நாற்காலி தூக்கினாள், மூச்சு விடவில்லை. போன இலையுதிர் காலத்தில் கூப்பிட்டார்கள். ஒன்பது நாள் முன்பு 'ஏற்றுக்கொண்டோம்' என்று கடிதம் வந்தது.

முதல் போன் மகள் நைலாவுக்குத்தான். நைலாவும் போன வசந்தத்தில் தன் கல்லூரியில் அதே சங்கத்தில் சேர்ந்தவள். அம்மா படித்துப் பாதியில் விட்ட அதே கல்லூரி. விஷயத்தைக் கேட்டாள். பிறகு, "எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதாம்மா" என்றாள். போனை வைத்துவிட்டாள். ஒன்பது நாளாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி கூட இல்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் முடியாது. அவள் கால்பந்து விளையாடினால் அம்மா பயிற்சியாளருக்கு உதவியாளர். அவள் தேவாலயப் பாட்டுக் குழுவில் சேர்ந்தால் அம்மா பின்வரிசையில். பள்ளிச் சுற்றுலாவில் பஸ்ஸின் முன் இருக்கையில் அம்மா. ஒரே பெண்ணைப் பெற்றவர்கள் செய்கிற தப்பு. அன்பில் செய்கிற தப்பு என்பதால் எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

சங்கம் அனுப்பிய படிவத்தில், 'சேர்ந்த பிறகு உங்கள் உடையில் சங்கச் சின்னத்தை யார் குத்திவிட வேண்டும்?' என்று ஒரு கேள்வி இருந்தது. கோர்லிஸ் யோசிக்காமல் மகள் பெயரை எழுதினாள். எழுதியதை மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

*

சமையலறையில் லாமர் விசில் அடித்துக்கொண்டிருந்தான். லாமர் தபால்காரன். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷமாகியும் மனைவியை அசத்த வேண்டும் என்று நினைக்கிற பிறவி. அசத்தியதைவிட அவளை அலற வைத்ததுதான் அதிகம்.

"என்ன, காலங்காத்தால இவ்வளவு சந்தோஷம்?" என்றாள் கோர்லிஸ்.

"எம் பொண்டாட்டிக்கு இன்னிக்குப் பெரிய நாள். நான் சந்தோஷப்படக் கூடாதா? இந்தா, கிரிட்ஸ் கஞ்சி சாப்பிடு. வெண்ணெய் அதிகம் போட்டிருக்கேன்."

"வெள்ளை டிரஸ் பத்தாமப் போயிடும்."

"பத்தலைன்னா நான் அந்த டிரஸ்ஸைப் போட்டுட்டுப் போய் நிக்கறேன். சரி, ஒரு மணிக்கு வந்துடுவேன். ரெண்டு பேரும் சேர்ந்தே கிளம்பலாம்." கதவுவரை போனவன் திரும்பி வந்து அவள் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தான். "நைலா போன் பண்ணினாளா?"

"இல்லை."

"நான் ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"வேண்டாம் லாமர். வந்தா அவளா வரணும். சொல்லி வர வைக்கிறதுல எனக்கு இஷ்டமில்லை."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முகத்தில் மட்டும் ஒரு குறும்பு மிச்சமிருந்தது. அதைக் கோர்லிஸ் கவனிக்கவில்லை.

அந்தக் குறும்பு என்ன என்று உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு ரகசியம் தங்காது. விடியுமுன் எழுந்து, மனைவியின் நீலக் காரின் பின்பக்க நம்பர் பிளேட்டைச் சுற்றி ஒரு வெள்ளி பிரேமை மாட்டியிருந்தான் லாமர். அதில் வாடாமல்லி நிறத்தில் சங்கத்தின் மூன்று கிரேக்க எழுத்துகள். சாயங்காலம் விழா முடிந்து அவள் காருக்கு வரும்போது பார்த்துப் பூரிக்க வேண்டும் என்பது திட்டம். அவள் மத்தியானம்வரை வீட்டிலேயே இருப்பாள் என்று அவனாக நினைத்துக்கொண்டான். முடி அலங்காரம் என்று ஒன்று இருப்பது ஆண்களுக்கு எப்போது நினைவிருந்தது?

*

மார்ச் கடைசியில் மேக்கனில் எந்தத் தெருவிலும் தரை தெரிவதில்லை. செர்ரி மரங்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் பூத்து ஒரே சமயத்தில் கொட்டும். கோர்லிஸின் கார் மேல் விரல்கடை உயரத்துக்கு இதழ்கள் கிடந்தன. முன் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு ஏறினாள். பின்பக்கம் அவள் போகவே இல்லை.

வாண்டாவின் அழகு நிலையத்தில் எட்டு மணிக்கே கூட்டம்.

"வா, கண்ணு. ஈஸ்டருக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இன்னிக்கே என்ன ஜோடனை?" என்றாள் வாண்டா.

"சும்மாதான்."

"சும்மாவா! நேத்து எதிர்க்கடையில வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் இருக்கான்னு நீ கேட்டியாமே. இந்த ஊர்ல எந்தப் பொம்பளையும் வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் சும்மா வாங்கறதில்லை. நான் ஒண்ணும் கேக்கலைம்மா. காதை மடக்கிப் பிடிச்சுக்கோ, சீப்பு சுட்டுடும்."

கோர்லிஸ் காதை மடக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். சூட்டுச் சீப்பின் வாசனை, எண்ணெய் வாசனை, யாரோ சிரிக்கிற சத்தம். வரிசையில் நடப்பது மாதிரியே இருந்தது.

பக்கத்து நாற்காலியில், தலைக்கு மேல் உலர்த்தியோடு உட்கார்ந்திருந்தவர் மிஸஸ் யூனிஸ் பீக். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், கோர்லிஸுக்கும்தான். சங்கத்தில் நாற்பத்தெட்டு வருஷ உறுப்பினர். இன்று சேர்க்கப் போகிறவர்களில் கோர்லிஸ் உண்டு என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ள மாட்டார். அவர் ஜன்னலுக்கு நேரே இருந்தார்.

"கோர்லிஸ்."

"சொல்லுங்க மேடம்."

"அந்த நீலக் கார் உன்னோடதா?"

"ஆமாம் மேடம். பூவாக் கொட்டிக் கிடக்கு. துடைக்க நேரமில்லை."

"ம்" என்றார் மிஸஸ் பீக். கைப்பையைத் திறந்து போனை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டினார். பிறகு உலர்த்தியைத் தானே தள்ளிவிட்டு எழுந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

"என்ன இது!" என்றாள் வாண்டா. "பீக் மேடம் தலை காயாம எழுந்து போனதை இந்த இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கோர்லிஸுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவள் அன்று தரையில் இல்லை.

ஸ்டாக்கிங்ஸ் வாங்கப் போன வழியெல்லாம் ஊரே அவளைப் பார்த்துச் சிரித்தது. சிக்னலில் பின்னால் நின்ற கார் இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண் விரலை மடக்கி ஏதோ சைகை காட்டிக் கையாட்டினாள். கோர்லிஸும் கையாட்டினாள். பழக்கடை வாசலில் ஒரு வயதான அம்மாள், "என் அருமைச் சகோதரி!" என்று கூவினாள். 'மனசு நிறைஞ்சிருந்தா முகத்துல தெரிஞ்சுடும் போலிருக்கு' என்று கோர்லிஸ் நினைத்தாள். இதழ்கள் பறக்கப் பறக்கக் காரை மெல்ல ஓட்டினாள். இந்த ஊரில் பிறந்ததற்கு ஒரு தடவையாவது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

*

ஒரு மணிக்குப் போன் அடித்தது. மார்வெல்லா ஓக்ஸ். மேக்கன் கிளையின் தலைவி. அந்தக் காலத்தில் கல்லூரி வரிசையில் ஆறாவதாக, கோர்லிஸுக்கு நேர் பின்னால் நின்றவள். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். இந்த நாலு மாதமாகச் சங்க முறைப்படி 'மேடம்'.

"கோர்லிஸ், உன் கார்ல நம்ம எழுத்து இருக்கா?"

"என்ன எழுத்து மேடம்?"

"போய்ப் பாரு. நான் லைன்ல இருக்கேன்."

கோர்லிஸ் வெறுங்காலோடு வாசலுக்குப் போனாள். காரின் பின்பக்கம் வந்தாள். நம்பர் பிளேட்டைச் சுற்றி வெள்ளி பிரேம், அதில் வாடாமல்லி நிறத்தில் மூன்று எழுத்து.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இல்லை. சத்தியமா எனக்குத் தெரியாது, மார்வெல்லா." அந்த 'மேடம்' போன இடம் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும். நீ அப்படிப்பட்டவ இல்லை. ஆனா மிஸஸ் பீக் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பி ஆட்சேபம் எழுப்பிட்டாங்க. சேரறதுக்கு முன்னாடி எழுத்தைப் போட்டுக்கறவளுக்குப் பொறுமை இல்லை, பொறுமை இல்லாதவளுக்கு இங்க இடமில்லைன்னு எழுதியிருக்காங்க. அவங்க சொல்றது விதி. நாலு மணிக்குக் கதவைச் சாத்தறதுக்குள்ள, உறுப்பினர் ஒருத்தர் உனக்காக எழுந்து நின்னு பதில் சொல்லணும். தலைவி சொல்லக் கூடாது. உன்னைச் சிபாரிசு பண்ணினவங்களும் சொல்லக் கூடாது. வேற யாரு இருக்கா உன்னை நல்லாத் தெரிஞ்சவங்க?"

கோர்லிஸ் அந்த எழுத்துகளைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"உன் பொண்ணு இருக்காளே."

"அவளைக் கேக்க மாட்டேன்."

"கோர்லிஸ்..."

"அவளோட எல்லாத்துலயும் நான் போய் நின்னுட்டேன் மார்வெல்லா. இதுல எனக்காக வந்து நில்லுன்னு எந்த முகத்தோட கேப்பேன்? வேண்டாம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "வெள்ளையைக் கட்டிக்கிட்டு மூணரைக்கு வந்துடு. வந்து வாசல்ல நில்லு. வராம மட்டும் இருந்துடாதே. ஒரு தடவை அப்படிப் பண்ணினது போதும்."

லாமர் வந்தபோது அவள் காரின் பின்னால் தரையிலேயே இருந்தாள். மடியெல்லாம் இதழ்கள். அவனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"நீ... வெளிய போனியா?"

"தலை அலங்காரத்துக்குப் போகாம வேற எப்படிப் போவேன்? நான் உங்கிட்ட எத்தனை தடவை சொன்னேன் லாமர்? சேருற வரைக்கும் நிறத்தைக்கூடப் போடக் கூடாதுன்னு!"

"நீ போட்டுக்கக் கூடாதுன்னுதானே சொன்னே. கார் போட்டுக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

வேறு நாளாக இருந்தால் இதற்கு அவள் சிரித்திருப்பாள். இன்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். லாமர் தபால் சீருடையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திருப்புளியை எடுத்துவந்து பிரேமைக் கழற்றினான். நாலு திருகாணியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நைலாவைக் கூப்பிடறேன்" என்றான்.

"கூப்பிட்டே, இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

*

சங்கத்தின் வீடு காலேஜ் தெருவின் கோடியில், சுற்றிலும் மரங்களோடு இருந்தது. மூன்றரை மணிக்கு வாசல் தாழ்வாரத்தில் ஆறு பெண்கள் வெள்ளையில் நின்றார்கள். கோர்லிஸ் ஏழாவதாகப் படியேறினாள். மற்ற ஆறு பேரும் அவளைப் பார்த்து, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

வாடாமல்லி உடுத்திய உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். மிஸஸ் பீக் போனார். முடி ஒழுங்காக உலர்ந்திருந்தது. கோர்லிஸ் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரிடமாவது 'எனக்காக ஒரு வார்த்தை' என்று கேட்டிருக்கலாம். ஆறு வருஷம் கேட்காமலே பழகிய நாக்கு இன்றைக்கும் எழவில்லை.

தெருவில் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. வாடாமல்லி நிற ஜாக்கெட்டோடு ஒரு பெண் இறங்கினாள். அந்த நிறத்தில் மகளைப் பார்ப்பது கோர்லிஸுக்கு இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தது அவளுக்கே தெரியாது. மரத்தடியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"அப்பா கூப்பிட்டாரா?"

"யாரும் கூப்பிடலை. போட்டோ எனக்கு வழியிலதான் வந்தது. எங்க செட்டுல ஒருத்தி, 'இது உங்க வீட்டுக் கார்தானே'ன்னு நாப்பது சிரிப்புப் படம் போட்டு அனுப்பியிருந்தா. அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்." நைலா மூக்கை உறிஞ்சினாள். "அப்பாதானே இது?"

"வேற யாரு?"

"தெரிஞ்சுது. பிரேமைத் தலைகீழா மாட்டாம இருந்ததே ஆச்சரியம்."

இருவருக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"போட்டோ பார்த்ததும் வண்டியை ஓரமா நிறுத்திட்டு மிஸ் மார்வெல்லாவுக்குப் போன் பண்ணினேன்" என்றாள் நைலா. "அவங்கதான் பழைய கதையைச் சொன்னாங்க. எங்க சங்க அறையில சுவர் முழுக்கப் பழைய வரிசைங்களோட படம் மாட்டியிருக்கும். அதுல ஒரு படத்துல நாலு பேரு, அப்புறம் ஒரு ஆள் நிக்கற அளவு இடம், அப்புறம் மூணு பேரு. ஒரு வருஷமா அதைப் பார்த்துட்டிருக்கேன். படம் எடுத்தவனுக்கு ஒழுங்காப் படம் எடுக்கத் தெரியலைன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். அது... அது நீயாம்மா?"

அந்தப் படத்தைக் கோர்லிஸ் பார்த்ததே இல்லை. தனக்காக ஓர் இடத்தை விட்டு நின்றார்கள் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"நெருங்கி நில்லுங்கன்னு படம் எடுத்தவர் சொன்னாராம். மிஸ் மார்வெல்லா நகர மாட்டேன்னுட்டாங்களாம்." நைலாவின் குரல் உடைந்தது. "ஏம்மா எங்கிட்டச் சொல்லலை? நான் சேர்ந்தப்புறம்தான் உனக்கு ஆசை வந்துதுன்னு நினைச்சேன். என்னோடதை எடுத்துக்கறேன்னு நினைச்சேன். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே உனக்கு இது..."

"ஆசைன்னு சொல்லக் கூடாதும்மா. அதான் விதி."

"எங்கிட்டயுமா?"

"சொன்னா நீ எனக்காகச் சேர்ந்திருப்பே. உனக்காகச் சேரணும்னு நினைச்சேன்."

நைலா கண்ணைத் துடைத்தாள். உள்ளே யாரோ மணி அடித்தார்கள்.

"நான் உள்ள போறேன். ஆனா ஒண்ணு." அவள் அம்மாவின் வெள்ளைக் காலரைச் சரி செய்தாள். "நான் கிளம்பி வந்த காரியம் வேற. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்டச் சொல்ல முடியாது. பத்து தடவை போனை எடுத்து எடுத்து வெச்சுட்டேன். சகோதரின்னா சொல்லிடுவேன். அதனால நீ இன்னிக்குச் சேர்ந்தே ஆகணும்."

என்ன, எது, உடம்புக்கு ஏதாவதா என்று கோர்லிஸுக்கு ஆயிரம் கேள்வி தொண்டைவரை வந்தது. மகள் அதற்குள் படியேறிப் போய்விட்டாள்.

*

பத்து நிமிஷம். கோர்லிஸ் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே முதலில் மிஸஸ் பீக்கின் குரல், கணக்கு வகுப்பில் கேட்ட அதே நிதானத்தோடு. பிறகு நைலாவின் குரல். சொற்கள் புரியவில்லை. ஓர் இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், லாமரைப் பற்றியாகத்தான் இருக்க வேண்டும். பிறகு நைலாவின் குரல் மட்டும் தணிந்து போயிற்று. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்தது. மார்வெல்லா நின்றாள். வாசலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஏழு பேரும் உள்ள வாங்க" என்றாள்.

ஏழு பேரும். கோர்லிஸ் அந்தச் சொல்லை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

உயரப்படி நிற்கச் சொன்னார்கள். கோர்லிஸ்தான் எல்லாரையும்விட நெட்டை, கடைசியில் நின்றாள். கையை முன்னால் நின்றவளின் தோளில் வைத்தாள். தோள் இளஞ்சூடாக இருந்தது. வரிசை நகர்ந்தது. அவள் தோளில் மட்டும் கை இல்லை. திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

வாசற்படியைத் தாண்டும்போது, கதவைச் சாத்துவதற்காகப் பின்னால் வந்த மார்வெல்லா, சாத்துவதற்கு முன் தன் கையை அவள் தோளில் வைத்தாள்.

கோர்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவுக்கு அப்பால் நடந்ததை எழுத எனக்கு உரிமை இல்லை. கோர்லிஸும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லாமர் வெளியே மரத்தடியில் ஒன்றரை மணி நேரம் நின்றான். பிரேமை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அவன் தலையெல்லாம் தோளெல்லாம் பூ.

ஐந்தரை மணிக்குத் தாழ்வாரத்து விளக்குகள் எரிந்தன. ஏழு பேரும் வாடாமல்லிச் சால்வையோடு வெளியே வந்தார்கள். குடும்பத்தார் கைதட்டினார்கள். லாமருக்குக் கைதட்ட முடியவில்லை, கக்கத்தில் பிரேம். அதனால் பலமாகக் கத்தினான்.

மிஸஸ் பீக் கோர்லிஸின் முன்னால் வந்து நின்றார். கன்னத்தில் தட்டினார். "உன் வீட்டுக்காரனைக் கூப்பிடு. இப்ப மாட்டச் சொல்லு அதை. கோணலா மாட்டியிருந்தான் காலையில" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிறகு சின்னம் குத்துகிற நேரம். நைலா சிறு பெட்டியைத் திறந்தாள். வெள்ளிச் சின்னம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. அம்மாவின் நெஞ்சருகே துணியைப் பிடித்தாள். முதல் தடவை ஊசி நழுவியது. இரண்டாம் தடவை பொருந்தியது.

கையை எடுக்காமலே, காதருகில் குனிந்து, "இப்ப நீ எனக்கு யாரு?" என்று கேட்டாள்.

"சகோதரி. அதுவும் நீ மூத்தவ, நான் இளையவ."

"அப்ப மூத்தவ சொல்றதை முழுசாக் கேக்கணும். நடுவுல அம்மா மாதிரி ஆரம்பிக்கக் கூடாது."

"ம்."

"உள்ள உனக்காகப் பேசினப்ப இதையும் சொல்லிட்டுத்தான் பேசினேன். அவங்க எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது." நைலா மூச்சை இழுத்துவிட்டாள். "ஜனவரியிலேர்ந்து நான் காலேஜுக்குப் போகலை."

சுற்றிலும் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். லாமர் துண்டைப் பிரித்துப் பிரேமைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தான். கோர்லிஸின் உள்ளே ஓர் அம்மா எழுந்து நின்று கத்தினாள். ஏன், எப்படி, இன்னும் ஒரு வருஷம்தானே, நான் விட்டது போதாதா, யாரைக் கேட்டு, எங்கே தங்கியிருக்கே. அத்தனையும் நாக்கின் நுனிவரை வந்தன.

அவள் அவற்றை விழுங்கினாள். நீதிமன்றத்தில் அடுத்தவர் பேச்சுக்காக எவ்வளவோ வருஷம் காத்திருந்தவள்தானே. மகளின் கையைத் தன் நெஞ்சில் இருந்த சின்னத்தின் மேலேயே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.